மாரடைப்பு அவசர சிகிச்சையில் இரத்தப் பரிசோதனைகள்: எண்ணோடு நேரத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்வது என் தொழில். மாரடைப்புக்குப் புதுச்சேரியில் சிகிச்சை பெற்றுத் திரும்பியவர்களின் பிள்ளைகள், பிளாஸ்டிக் உறை நிறையத் தாள்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அண்மையில் நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஓர் இளைஞர், தம் தந்தையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு தாள்களை என் மேசைமேல் அருகருகே வைத்தார். முதல் தாள், வலி வந்த இரவில் கடலூரில் எடுத்தது. அதில், இதயத் தசைக் காயத்தைக் காட்டும் புரதமான ட்ரோபோனின் ஐ 0.9 என்று இருந்தது. இரண்டாவது, அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்த பிறகு புதுச்சேரியில் எடுத்தது. அதில் 24,300 என்று இருந்தது. "சார், இது இருபத்தேழாயிரம் மடங்கு ஏறியிருக்கு. ஸ்டென்ட் வைக்கும்போது ஏதாவது தப்பு நடந்துடுச்சா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

தவறு எதுவும் நடக்கவில்லை. முதல் தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் நானோகிராம்/மில்லிலிட்டர் என்றும், இரண்டாவது தாளில் நானோகிராம்/லிட்டர் என்றும் அச்சிட்டிருந்தது. ஒரு லிட்டருக்கு ஆயிரம் மில்லிலிட்டர் என்பதால் முதல் எண்ணை ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அப்போது அது 900 ஆகிறது. ஆகவே ஏற்றம் இருபத்தேழாயிரம் மடங்கு அன்று, ஏறத்தாழ இருபத்தேழு மடங்குதான். அந்த இருபத்தேழையும் அப்படியே நம்பிவிட முடியாது. ட்ரோபோனின் ஐ அளக்கும் கருவிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. ஒரே இரத்தத்தை இரண்டு கருவிகளில் செலுத்தினால் இரண்டு விடைகள் வரும். மீதமுள்ள ஏற்றத்துக்கு வேறொரு காரணம் உண்டு. அது அச்சத்துக்குரியதும் அன்று. அதைப் புரிந்துகொள்ள, மாரடைப்பின்போது இரத்தத்தில் என்ன நிகழ்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிவுகள் பல ஆண்டுகளாக வளர்ந்திருக்கும். அவற்றுள் ஒன்று திடீரென வெடித்துப் பிளக்கும்போது, அந்தப் பிளவின்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசைப்பகுதி, அடைப்பு நீடித்தால் ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில் உள்ளடுக்கிலிருந்து மடியத் தொடங்கி, அடுத்த சில மணி நேரத்தில் வெளியடுக்கை நோக்கிப் பரவுகிறது. மடியும் செல்லின் சுவர் கிழிந்து, உள்ளே இருந்த புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. வண்டியில் போகும் நெல் மூட்டை கிழிந்தால் சாலையில் நெல் சிந்துவதைப் போன்றது இது. சிந்திய நெல்லைக் கொண்டு மூட்டை கிழிந்ததையும், கிழிசல் எவ்வளவு பெரிது என்பதையும் அறியலாம். ஆனால் கிழிந்த அந்தக் கணத்தில் சாலையைப் பார்த்தால் ஒரு மணியும் கிடக்காது.

அப்படிச் சிந்தும் பொருள்களைத் தேடும் முயற்சி 1954-இல் எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதியில் தொடங்கியது. இன்று நாம் ஈரலுக்காகப் பார்க்கும் அதே பரிசோதனைதான் அது. ஈரலிலும் எலும்புத் தசையிலும் அந்த நொதி இருப்பதால், அது ஏறினால் எங்கே காயம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பின்னர் வந்த சி.கே.-எம்.பி. என்னும் நொதி சற்று மேலானது. 1990-களில் ட்ரோபோனின் பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. தசை சுருங்கி விரிவதைக் கட்டுப்படுத்தும் புரதத் தொகுதி ட்ரோபோனின். அதன் 'ஐ', 'டி' என்னும் இரு பகுதிகள் இதயத் தசையில் தமக்கே உரிய வடிவில் இருக்கின்றன. அதனால்தான் கை கால் தசைக் காயத்திலிருந்து இதயக் காயத்தை அது பிரித்துக் காட்டுகிறது. ஆனால் காயத்தின் இடத்தைச் சொல்லும் ட்ரோபோனின், காயத்தின் காரணத்தைச் சொல்வதில்லை. நீடித்த சிறுநீரக நோய், நுரையீரல் குழாயில் இரத்தக்கட்டி, இதயத் தசை அழற்சி, கடுமையான தொற்று ஆகியவற்றிலும் அது ஏறும். அதனால், நலமானவர்களில் 99 விழுக்காட்டினருக்கு இருக்கும் அளவைத் தாண்டியதோடு, அடுத்தடுத்த மாதிரிகளில் எண் ஏறவோ இறங்கவோ வேண்டும், கூடவே நெஞ்சுவலியோ இசிஜி மாற்றமோ இருக்க வேண்டும் என்பதே மாரடைப்பின் உலகளாவிய வரையறை.

அந்த இளைஞரின் உறைக்குள் மூன்றாவதாக ஒரு சிறு சீட்டும் இருந்தது. தந்தைக்கு இரவு 11 மணிக்கு, சாப்பிட்டுப் படுத்த சற்று நேரத்தில், நெஞ்சில் எரிச்சலும் அழுத்தமும் வந்திருக்கின்றன. வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். அடங்காததால் அருகில் இருந்த ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். அங்கே இசிஜி எடுக்காமல், கார்டு பரிசோதனை மட்டும் செய்து, "ட்ராப் ஐ - நெகட்டிவ்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்போது மணி 11.50. சீட்டில் அந்த நேரம் இல்லை. மகன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சீட்டை நம்பி அவர்கள் வீடு திரும்பி இரண்டரை மணி நேரத்தை இழந்தார்கள்.

கார்டு பரிசோதனையைப் பார்க்காதவர்களுக்காக: விரல் நீளமுள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையின் ஒரு முனையில் சிறு குழி இருக்கும். அதில் சில துளி இரத்தத்தை விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். இரத்தம் வெள்ளைத் தாளின் ஊடே மெல்ல ஊர்ந்து செல்லும். 'சி' என்ற எழுத்தின் நேரே ஒரு கோடு விழுந்தால் கார்டு சரியாக வேலை செய்கிறது என்று பொருள். 'டி' என்ற எழுத்தின் நேரே இரண்டாவது கோடு விழுந்தால் ட்ரோபோனின் இருக்கிறது என்று பொருள். சில வேளைகளில் அந்த இரண்டாவது கோடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதபடி மங்கலாக இருக்கும். நான் அதை டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பிடித்துப் பார்த்ததுண்டு. எளிய, பயனுள்ள கருவிதான். ஆயினும் வழக்கமான ட்ரோபோனின் பரிசோதனைகளில் அளவு தெரியத் தொடங்க வலி வந்து 3 முதல் 4 மணி நேரம் ஆகலாம். ஐம்பது நிமிடத்தில் எடுத்த மாதிரியில் ஒரே கோடு விழுந்தது கார்டின் பிழையன்று. சாலையில் அப்போது நெல் சிந்தியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது வந்துள்ள நுண்ணுணர்வு ட்ரோபோனின் பரிசோதனைகள் மிகச் சிறிய அளவையும் காண்கின்றன. அவற்றைக் கொண்டு வந்தவுடன் ஒரு மாதிரியும், ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு மாதிரியும் எடுத்து, இடைப்பட்ட வேறுபாட்டை வைத்து முடிவெடுக்கிறார்கள். ஒரே ஒரு எண்ணைக் காட்டிலும் இரண்டு எண்களுக்கு இடையிலான நகர்வு மிகுதியாகப் பேசுகிறது என்பதே இந்த முறையின் அடிப்படை.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இசிஜி கோட்டில் எஸ்.டி. என்று பெயரிட்ட பகுதி மேலெழுந்து காணப்படும் மாரடைப்பில், அதாவது பெரிய குழாய் முழுவதும் அடைபட்ட வகையில், இரத்தப் பரிசோதனையின் விடைக்காக யாரும் காத்திருப்பதில்லை, காத்திருக்கவும் கூடாது. நெஞ்சுவலியோடு வந்தவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பதும், அதில் இந்த மாற்றம் தெரிந்தால் உடனே குழாயைத் திறக்கும் வேலையைத் தொடங்க வேண்டும் என்பதும் உலகெங்கும் ஏற்ற விதி. "இரத்த ரிப்போர்ட் வரட்டும், பிறகு கையெழுத்துப் போடுகிறோம்" என்று உறவினர் சொல்வதை நான் ஒருமுறைக்கு மேல் கேட்டிருக்கிறேன். இரத்தத்தை வாழ்நாள் முழுதும் கையாளும் நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் என் தாளைவிட இசிஜி தாள்தான் பெரிது. இசிஜியில் எஸ்.டி. மேலெழாத மற்றொரு வகையில்தான் ட்ரோபோனின் தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வருகிறது.

குழாயைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. இதயக் குழாய்களுக்குள் சிகிச்சை செய்யும் அறையான கேத் லேபில் மெல்லிய கம்பியைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைப்பது ஒன்று. உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது மற்றொன்று. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட்டைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், டெனெக்டெப்ளேஸ் என்றால் எடைக்கேற்ற அளவை ஒரே ஊசியாகப் போடுவார்கள். நோயைக் கண்டறிந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் கேத் லேபில் குழாயைத் திறக்க முடியும் என்றால் முதல் வழி சிறந்தது. முடியாது என்றால் ஊசியை அங்கேயே போட்டுவிட்டு, பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள், குழாயில் சாய மருந்து செலுத்திப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் செய்வது நல்லது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தூரம் 25 கிலோமீட்டர் அளவுதான். ஆயினும் கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் தாண்டி நகருக்குள் நுழைந்து, கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் வரை போக வேண்டியவருக்கு அதிகாலை மூன்று மணியும் மாலை ஆறு மணியும் ஒன்றல்ல. திட்டக்குடியிலிருந்து வருபவரின் கணக்கு முற்றிலும் வேறு. தமிழ்நாட்டு அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அந்த மாத்திரைகள் அடைப்பைத் திறப்பதில்லை. உறைகட்டி மேலும் வளராமல் தடுத்து, வழியில் உள்ள நேரத்தை ஓரளவு காக்கின்றன.

நெல்லிக்குப்பத்துத் தந்தை 2.30 மணிக்குக் கடலூர் வந்து, இசிஜியில் மாற்றம் தெரிந்து, மாத்திரைகளை விழுங்கி, 4.15-க்குப் புதுச்சேரி கேத் லேபில் கம்பி அடைப்பைத் தாண்டும் நிலைக்கு வந்துவிட்டார். கேத் லேபுக்குள்ளும் ஓர் இரத்தப் பரிசோதனை நடக்கிறது. அதன் தாள் வீட்டுக்கு வருவதில்லை. கம்பியின்மேலும் ஸ்டென்டின்மேலும் இரத்தம் உறையாதிருக்க ஹெபாரின் கொடுக்கிறார்கள். அது போதுமா என்பதை அறிய, சில துளி இரத்தத்தைச் சிறு கருவியில் இட்டு அது எத்தனை நொடியில் உறைகிறது என்று பார்க்கிறார்கள். பொதுவாக 250 முதல் 300 நொடி வரை இழுத்தடிக்க வேண்டும். குறைந்தால் கட்டி உருவாகும், மிகுந்தால் இரத்தம் கசியும்.

இப்போது அந்த 24,300-க்கு வரலாம். அடைபட்டிருந்த குழாய் திறந்ததும், தேங்கிக் கிடந்த பகுதியின் வழியே இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. ஏற்கெனவே மடிந்த செல்களிலிருந்து வெளியேறி அங்கேயே நின்றிருந்த ட்ரோபோனின் முழுவதும் அடித்துக்கொண்டு வந்து பொது இரத்த ஓட்டத்தில் சேர்கிறது. எனவே, குழாய் திறந்தவரிடம் ட்ரோபோனின் விரைவாகவும் செங்குத்தாகவும் ஏறி, முன்னதாகவே உச்சத்தை அடைந்து இறங்கத் தொடங்குகிறது. திறக்காதவரிடம் மெல்ல ஏறி, தாமதமாக உச்சத்துக்கு வருகிறது. ஆகவே ஸ்டென்ட் வைத்த சில மணி நேரத்தில் எண் பெரிதாக ஏறியிருப்பது குழாய் திறந்ததற்கான அடையாளமாகவும் இருக்கலாம். இறந்த தசையின் அளவை அறிய, ஏறும் வேகத்தைவிட உச்ச எண்ணும் அதற்குப் பின், ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையும்தான் உதவும். இறங்கவும் நாளாகும். ட்ரோபோனின் ஐ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரையும், ட்ரோபோனின் டி இரண்டு வாரம் வரையும் இரத்தத்தில் நிற்கலாம். பத்தாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் "பாசிட்டிவ்" என்று பார்த்துவிட்டு இரண்டாவது மாரடைப்பு வந்துவிட்டது என்று நடுங்குபவர்கள் உண்டு. இந்த இடத்தில்தான் பழைய சி.கே.-எம்.பி. இன்னும் பயன்படுகிறது. அது இரண்டு மூன்று நாளில் இயல்புக்குத் திரும்பிவிடுவதால், மீண்டும் ஏறினால் புதிய காயம் என்று எளிதாக அறியலாம். ட்ரோபோனினைக் கொண்டும் இதை அறியலாம். சில மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி எடுத்து, இறங்கிக்கொண்டிருந்த எண் மீண்டும் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

குழாய் திறந்துவிட்டது என்பதாலேயே தசைக்கு இரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. அவசர சிகிச்சையில் மருத்துவர்களை மிகவும் சோதிக்கும் சிக்கல் இதுதான். நம் பக்கத்து உழவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. வீராணம் ஏரியின் மதகைத் திறந்தாலும், வாய்க்காலில் வண்டலும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. மதகருகில் நின்று பார்ப்பவருக்குத் தண்ணீர் சீறிப் பாய்வது போலத்தான் தெரியும். இதயத்திலும் பெரிய குழாயை ஸ்டென்ட் திறந்து வைத்திருக்கும். அதிலிருந்து பிரியும், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களில் ஓட்டம் இருக்காது. இதற்குக் காரணங்கள் பல. அடைப்பை விரிக்கும்போது உடைந்த கட்டித் துகள்களும் கொழுப்புத் துகள்களும் கீழே அடித்துச் செல்லப்பட்டு நுண்குழாய்களில் செருகிக்கொள்கின்றன. நெடுநேரம் உயிர்வளி இல்லாதிருந்த நுண்குழாய்ச் சுவர்கள் வீங்கி உட்புறம் சுருங்குகின்றன. சுற்றியுள்ள தசையும் நீர் கோத்து வெளியிலிருந்து அழுத்துகிறது. வெள்ளையணுக்களும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் திரண்டு அடைக்கின்றன. 1974-இல் நாய்களின் இதயத்தில் செய்த ஆய்வொன்றில், குழாயை 40 நிமிடம் கட்டி அவிழ்த்தபோது தசை முழுவதற்கும் இரத்தம் திரும்பியது. 90 நிமிடம் கட்டி அவிழ்த்தபோது உள்ளடுக்கின் சில பகுதிகளுக்குத் திரும்பவில்லை. வாய்க்கால் வறண்டு கிடந்த நேரம் கூடக் கூட அது தூர்ந்துபோவதும் கூடுகிறது.

கேத் லேப் குறிப்பில் "டிமி" என்ற சொல்லோடு 0 முதல் 3 வரை ஓர் எண் இருக்கும். சாய மருந்து குழாயில் சிறிதும் போகவில்லை என்றால் 0. இயல்பான வேகத்தில் கடைசி வரை சென்றால் 3. அந்தத் தந்தையின் குறிப்பில் ஸ்டென்ட் வைத்ததும் டிமி 2 என்றும், குழாய்க்குள்ளேயே மருந்து செலுத்திய பின் டிமி 3 என்றும் எழுதியிருந்தது. இந்த நிலையில் அடினோசின், நைட்ரோபுரூசைடு, நிகோரண்டில் போன்ற, நுண்குழாய்களை விரிக்கும் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். கட்டியை உறிஞ்சி எடுத்துவிட்டால் துகள்கள் கீழே போகாதே என்று ஒரு காலத்தில் எல்லோருக்கும் உறிஞ்சு குழலைப் பயன்படுத்தினார்கள். 2013-இலும் 2015-இலும் வெளியான பெரிய ஆய்வுகள், அதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வதால் உயிரிழப்புக் குறையவில்லை என்று காட்டின; எனவே இப்போது தேவைப்படும் சிலருக்கு மட்டும் செய்கிறார்கள். டிமி 3 வந்த பிறகும், இசிஜியில் மேலெழுந்திருந்த எஸ்.டி. பகுதி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் போதுமான அளவு இறங்குகிறதா என்று பார்ப்பது, கடைமடை வரை நடந்துபோய்ப் பார்ப்பதற்குச் சமம்.

யாருக்கு இந்தச் சிக்கல் வரும் என்பதை முன்கூட்டியே இரத்தத்திலிருந்து அறிய முடியுமா? உலகெங்கும் இதற்கான ஆய்வுகள் நடந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் அரிதான பரிசோதனைகள் அல்ல. ஊதா மூடிக் குழாயில் நாங்கள் அன்றாடம் எடுக்கும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, சாம்பல் மூடிக் குழாயில் எடுக்கும் சர்க்கரை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. போன்றவைதான். தந்தையின் தாளில் வெள்ளையணுக்கள் 14,200. அவற்றில் நியூட்ரோஃபில் 82 விழுக்காடு, லிம்போசைட் 11 விழுக்காடு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 7.5 வரும். நலமானவர்களில் பெரும்பாலோருக்கு இந்த விகிதம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும். காயத்தை நோக்கி ஓடிவரும் முதற்படை நியூட்ரோஃபில். உடலின் பதற்றத்தில் சுரக்கும் கார்டிசோல் லிம்போசைட்டைக் குறைக்கிறது. ஆகவே பெரிய காயத்தில் விகிதம் ஏறுகிறது. விகிதம் மிகுந்தவர்களிடையே நுண்குழாய் அடைப்பும் பிற சிக்கல்களும் மிகுதியாகக் காணப்பட்டன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

ஆயினும் இதை ஆருடமாகக் கொள்வது பிழை. சளிக் காய்ச்சலிலும் ஸ்டீராய்டு மாத்திரையிலும் இதே விகிதம் ஏறும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்ததும் ஆறு மணி நேரத்தில் எடுத்ததும் ஒன்றல்ல. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரியும் ஒரு சாய்வு, நம் முன்னே படுத்திருக்கும் ஒருவரின் விதியைச் சொல்லாது. மேலும், விகிதம் 7.5 என்பதற்காக மருத்துவர் ஸ்டென்ட் வைக்காமல் விடப்போவதும் இல்லை, 2 என்பதற்காக அலட்சியமாக இருக்கப்போவதும் இல்லை. என் கருத்தில், இத்தகைய எண்களை இணையத்தில் தேடிப் பார்த்து இரவெல்லாம் விழித்திருப்பது உறவினர்களுக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. சர்க்கரையின் கதையும் இதைப் போன்றதே. தந்தைக்கு வந்தவுடன் 268 இருந்தது. "அப்பாவுக்குச் சுகர் கிடையாதே" என்று மகன் வியந்தார். பேரதிர்ச்சியில் உடல் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும். மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. அவருக்கு 5.9 மட்டுமே இருந்தது. ஆகவே அது பெரும்பாலும் அன்றைய இரவின் ஏற்றம். ஆனாலும் 5.9 என்பது நீரிழிவின் வாசற்படிக்கு அருகில் உள்ள எண்ணாதலால், சில வாரம் கழித்து வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கச் சொன்னேன்.

சிகிச்சையே கொண்டுவரும் சிக்கல்களில் முதன்மையானது இரத்தக் கசிவு. ஆஸ்பிரின், தட்டணுக்கள் திரளாமல் தடுக்கும் இன்னொரு மருந்து, ஹெபாரின் மூன்றையும் சேர்த்து வாங்கிய உடலில் எங்கே சிறு கீறல் இருந்தாலும் கசியும். தொடை இடுக்கின் வழியே கம்பி செலுத்திய காலத்தில், வெளியே ஒன்றும் தெரியாமல் வயிற்றின் பின்புறம் இரத்தம் தேங்கி, ஹீமோகுளோபின் மட்டும் சரிந்துகொண்டே போகும் நிலைகள் இருந்தன. மணிக்கட்டின் வழியே செல்லும் முறை பரவலான பிறகு இது நன்றாகக் குறைந்திருக்கிறது. தந்தைக்கு 13.8 ஆக இருந்த ஹீமோகுளோபின் மறுநாள் 12.9 ஆனது, நரம்பில் ஏற்றிய திரவத்தாலேயே இந்த அளவு இறங்கக்கூடும். மூன்று நான்கு புள்ளி இறங்கினால் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். தட்டணுக்களையும் கூடவே பார்ப்பார்கள். ஹெபாரின் பெற்ற சிலருக்கு ஐந்து முதல் பத்து நாளில் தட்டணுக்கள் பாதிக்கும் கீழே சரியும் ஒரு எதிர்வினை உண்டு. தட்டணு குறைந்தால் இரத்தம் கசிய வேண்டும். இதில் முரணாகக் குழாய்களில் கட்டி உருவாகிறது. அரிதானது, ஆனால் தவறவிடக் கூடாதது.

பொட்டாசியத்தைப் பற்றி என் தொழில் சார்ந்த ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இதயத் துடிப்பின் ஒழுங்கு பொட்டாசியத்தைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. மாரடைப்பின் முதல் மணி நேரங்களிலும், குழாய் திறந்த சில நிமிடங்களிலும் துடிப்புத் தாறுமாறாகும் அபாயம் உண்டு என்பதால், அதை 4-ஐ ஒட்டியோ சற்று மேலோ வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். தந்தையின் முதல் தாளில் 6.1 என்று இருந்தது, அதன்கீழே சிறிய எழுத்தில் "மாதிரி சிதைந்துள்ளது" என்ற குறிப்பும் இருந்தது. அவசரத்தில் மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தாலோ, குழாயை வன்மையாகக் குலுக்கினாலோ சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டிவிடும். சுழற்றி எடுத்த பிறகு மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். உடைந்திருந்தால் பன்னீர்த் திராட்சைச் சாறு கலந்தது போல இளஞ்சிவப்பாக இருக்கும். மறுமாதிரியில் அவருக்கு 4.3 வந்தது.

இரத்த அழுத்தம் 90-க்குக் கீழே நின்று, கை கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்தால், இதயம் உடலுக்குத் தேவையான இரத்தத்தை அனுப்பவில்லை என்று பொருள். இந்நிலையில், உயிர்வளி போதாதபோது இரத்தத்தில் சேரும் லாக்டேட் என்னும் பொருள் 2 மில்லிமோல்/லிட்டருக்கு மேல் ஏறுவது, திசுக்கள் உயிர்வளியின்றித் தவிப்பதைக் காட்டும்; சிகிச்சைக்குப் பின் அது மணிக்கு மணி இறங்குகிறதா என்பதே முதலில் வந்த எண்ணைவிட முக்கியமானது. இதயச் சுவர் விரிந்து இழுபடும் அளவை என்.டி.-புரோ பி.என்.பி. என்னும் இரத்தப் பரிசோதனை காட்டும். ஆனால் இதய அறைகளுக்கு இடையிலான சுவர் துளைபடுவது, வால்வைத் தாங்கும் தசை அறுந்துபோவது போன்ற பெரும் விபத்துகளை எந்த இரத்தக் குழாய் மாதிரியும் முன்னதாகச் சொல்லாது. பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் நேரும் அவற்றை, ஸ்டெதாஸ்கோப்பில் புதிதாகக் கேட்கும் ஓர் இரைச்சலும் எக்கோவுமே காட்டிக்கொடுக்கின்றன.

உறையின் கடைசித் தாள்கள், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருளான கிரியேட்டினின் பற்றியவை. இளைஞர் உண்மையில் அதற்காகத்தான் என்னிடம் வந்திருந்தார். ஆஞ்சியோவில் செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தின் வழியேதான் வெளியேறுகிறது. மாரடைப்பில் இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும் சிறுநீரகம் பாதிக்கப்படும். இரண்டும் சேரும்போது கிரியேட்டினின் ஏறுகிறது. 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினாலே அதைச் சிறுநீரகக் காயமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். தந்தைக்கு வந்தவுடன் 1.1, இரண்டாம் நாள் 1.5. இரண்டாவது எண்ணைத் தனியே பார்த்தால் சற்றே கூடுதல் என்றுதான் தோன்றும். முதல் எண்ணை அருகில் வைத்தால்தான் 0.4 ஏறியிருப்பது தெரியும். பெரும்பாலோருக்கு இது ஒன்றிரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீரிழிவு, ஏற்கெனவே சிறுநீரகக் குறைபாடு, முதுமை, மிகுதியாகச் சாயம் தேவைப்பட்ட நீண்ட சிகிச்சை ஆகியவை அபாயத்தைக் கூட்டும். நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தால், அதை நிறுத்தி வைத்து, மறுபரிசோதனைக்குப் பின்னரே மீண்டும் தொடங்கச் சொல்வதும் இதனால்தான். வலிக்குக் கடையில் வாங்கும் டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரைகளை இந்த நாள்களில் தொடவே கூடாது.

பெஞ்சில் இருந்த தந்தையை உள்ளே அழைத்தேன். வலது மணிக்கட்டில் கம்பி சென்ற இடம் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்ததால் இடக்கையில் ஊசி போட்டேன். தட்டணு மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தவராதலால் பஞ்சை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். "தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்க, அப்புறம் இதயம் வீக்கா இருக்கு, ரொம்பக் குடிக்காதேன்னும் சொல்றாங்க, எதைக் கேக்கறது தம்பி?" என்றார். எவ்வளவு என்பதை அவருடைய எக்கோவைப் பார்த்த மருத்துவர் லிட்டர் கணக்கில் சொல்ல வேண்டும், அதை நான் சொல்லக் கூடாது என்றேன். நாற்பது நிமிடத்தில் விடை வந்தது: 1.2. மகன் தாளை வாங்கிக்கொண்டு, என் மேசையிலிருந்த பேனாவையும் எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் "ஏழாம் நாள், காலை 9.20" என்று எழுதினார், பிறகு உறையிலிருந்து அந்தக் கிளினிக் சீட்டையும் வெளியே எடுத்து, அதன் மூலையில் "வலி 11.00, பரிசோதனை 11.50" என்று எழுதித் தாள்களின் அடியில் வைத்தார்.